பொறி இழந்த பொறி

தமிழில் "பொறி" என்னும் சொல் எந்திரத்தையும் குறிக்கும். நெருப்புத் துளியையும் குறிக்கும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு இந்த இரட்டைப் பொருள் மிக இயல்பாகப் பொருந்துகின்றது. படகின் பின்பலகையில் மாட்டி ஓட்டும் பழைய அவுட்போர்டு எந்திரம் ஒன்றில் நெருப்புப் பொறி விழவில்லையென்றால், அந்தப் பொறி வெறும் இரும்புச் சுமையாகிவிடுகின்றது. நெருப்புப் பொறியைப் பிறப்பிப்பது அதனுள் இருக்கும் ஒரு கம்பிச் சுருள். மெக்கானிக்குகள் அதனைக் காயில் என்பார்கள். நாமும் அப்படியே சொல்லுவோம்.

மதுரையில் இருந்துகொண்டு படகு எந்திரத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் வினவலாம். வைகையில் படகு மிதக்கும் அளவுக்குத் தண்ணீர் ஓடும் நாட்கள் எத்தனை என்பது நாம் அறியாததன்று. ஆயினும், மேலூர்ப் பக்கத்திலும் சோழவந்தான் பக்கத்திலும் வாய்க்காற் கரையில் வைத்துத் தண்ணீர் இறைத்த சிறிய பெட்ரோல், மண்ணெண்ணெய்ப் பம்பு எந்திரங்களை உங்கள் தந்தையாரோ பாட்டனாரோ நன்கு அறிவார்கள். கயிற்றைச் சுற்றி இழுத்தால் பெட்ரோலில் கிளம்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறும் அந்த எந்திரமும், படகை உந்தும் பழைய அவுட்போர்டு எந்திரமும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று நீரை இறைக்கின்றது. மற்றொன்று நீரைத் தள்ளுகின்றது. பொறி எழுப்பும் உறுப்பு இரண்டிலும் ஒன்றே. இங்கிலாந்தில் வில்லியர்ஸ் கம்பெனி செய்த மேக்னெட்டோவை அந்நாட்டின் சீகல் என்னும் படகு எந்திரத்தில் பல்லாண்டுக் காலம் பொருத்தி வந்தார்கள். அதே கம்பெனியின் எந்திரங்கள் வயலுக்குத் தண்ணீரும் இறைத்தன. ஆகவே ஒன்றின் பழுதை அறிந்தவர் மற்றொன்றின் பழுதையும் அறிந்தவராவார்.

இந்த எந்திரம் நின்றுபோனால் என்ன நேரும்? நாற்றங்காலுக்கு ஒரு நனைப்புத் தேவைப்படும் வேளையில் பம்பு நின்றால் நாற்று வாடும். கரையை விட்டு வெகுதூரம் போன வள்ளத்தில் எந்திரம் நின்றால், காற்றும் நீரோட்டமும் இழுத்த இழுப்புக்கு அது போகும். பாக் நீரிணையில் 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வகுக்கப்பட்ட எல்லைக்கோடு இருக்கின்றது. தண்ணீரின்மேல் அதற்கு வேலியும் இல்லை, கல்லும் இல்லை. அகப்பட்டுக்கொண்டவர் வீடு திரும்ப நாட்கள் ஆகலாம். அத்தகைய வேளையில், பழுது எங்கே என்று முறையாகத் தேடத் தெரிந்தவருக்கும், கயிற்றைத் திரும்பத் திரும்ப இழுத்துத் தோளை நோகடித்துக்கொள்பவருக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

காயில் வேலை செய்யும் விதத்தை முதலில் பார்ப்போம். உங்கள் பௌதிகப் புத்தகத்தில் மின்காந்தத் தூண்டல் என்றொரு பாடம் உண்டு. மைக்கேல் பாரடே 1831இல் கண்டது அது. ஒரு கம்பிச் சுருளுக்குள் ஊடுருவும் காந்தப் புலம் மாறினால் அச்சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். எவ்வளவு விரைவாக மாறுகின்றதோ அவ்வளவு மிகுதியாகப் பிறக்கும். இரண்டாவது பகுதியை மாணவர்கள் தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். நமது பேச்சு முழுவதும் அந்த இரண்டாவது பகுதியின் மேல்தான் நிற்கின்றது.

எந்திரத்தின் தலையில் கனத்த சக்கரம் ஒன்று சுழல்கின்றது. ஃபிளைவீல் என்பது அதன் பெயர். அதன் உட்புறத்தில் நிலைகாந்தங்கள் பதிக்கப்பட்டுள்ளன. சக்கரத்தின் அடியில், அசையாத தட்டு ஒன்றில், மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த உள்ளகமும் அதன்மேல் காயிலும் இருக்கின்றன. காயில் என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு சுருள்கள். தடித்த கம்பியில் சில நூறு சுற்றுக்கள் கொண்டது முதற்சுருள். தலைமயிர் அளவே கனமுள்ள கம்பியில் பல்லாயிரம் சுற்றுக்கள் கொண்டது துணைச்சுருள். முதற்சுருளின் வழியில் பாயிண்ட் என்னும் ஒரு சிறு கதவு உண்டு. அச்சில் உள்ள கேமின் பிதுக்கம் வந்து தள்ளும்போது அக்கதவு திறக்கும். மற்ற நேரம் மூடியிருக்கும்.

சக்கரம் சுழல, காந்தம் காயிலைக் கடக்கின்றது. கதவு மூடியிருப்பதால் முதற்சுருளில் மின்னோட்டம் பாய்கின்றது. அந்த ஓட்டம் உச்சத்தை எட்டும் தறுவாயில் கேம் கதவைத் திறந்துவிடுகின்றது. ஓட்டம் சட்டென்று அறுபடுகின்றது. அதனால் எழுந்திருந்த காந்தப் புலமும் சட்டென்று சரிகின்றது. அந்தச் சரிவின் வேகந்தான் பொறியைப் பிறப்பிப்பது. பலர் மின்சாரம் "வந்து" பொறி விழுவதாக எண்ணுகின்றார்கள். மின்சாரம் "நின்றதால்" விழுவது அது. பம்பு முழு வேகத்தில் ஓடும்போது குழாயின் வால்வைத் திடீரென்று அடைத்தால் குழாய் முழுவதும் அதிர்ந்து முட்டுவதைக் கிணற்றடியில் கண்டிருப்பீர்கள். மெல்ல அடைத்தால் அந்த முட்டல் இல்லை. இங்கேயும் அப்படித்தான். முதற்சுருளில் அந்தக் கணத்தில் ஏறத்தாழ 200 வோல்ட்டு எழுமானால், சுற்றுக்களின் விகிதம் ஒன்றுக்கு அறுபதாக உள்ள துணைச்சுருளில் 12,000 வோல்ட்டு எழும். ஸ்பார்க் பிளக்கின் முனைகளுக்கு இடையே உள்ள காற்றைப் பிளந்துகொண்டு அது தாவுகின்றது.

கதவு திறக்கும்போது மின்னோட்டம் நிற்க மனமின்றித் திறந்த இடைவெளியையும் தாண்டிப் பாய முயலும். விட்டால் அது கதவின் முனைகளைச் சுட்டுத் தின்றுவிடும், சரிவும் மெதுவாகிவிடும். இதைத் தடுக்கக் கதவுக்கு இணையாகக் கண்டென்சர் ஒன்றை வைத்திருக்கின்றார்கள். கண்மாயில் வெள்ளம் மிஞ்சினால் கரையை உடைக்காமல் கலுங்கு வழியே போவதுபோல, அந்த ஒரு கணத்து மின்சாரம் கண்டென்சருக்குள் ஒதுங்குகின்றது. கட்டைவிரல் அளவுகூட இல்லாத இச்சிறு டப்பா கெட்டுப்போனால் காயில் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

வரலாற்றில் அதிகம் தங்க வேண்டியதில்லை. உயரழுத்த மேக்னெட்டோவை ஜெர்மனியில் ராபர்ட் பாஷின் தொழிற்கூடத்தில் கோட்லோப் ஹோனோல்ட் என்ற பொறியாளர் 1902இல் உருவாக்கினார். ஓலே எவின்ரூட் என்னும் நார்வே வம்சத்தவர் அமெரிக்காவில் தமது படகு எந்திரத்தை 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். நம் பக்கத்தில், 1911இல் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனத்தார் பின்னர் 1961இல் சென்னைப் பாடியில் லூகாஸ் கம்பெனியுடன் சேர்ந்து வாகன மின்கருவிகள் செய்யும் தொழிற்சாலையை நிறுவினார்கள். இன்றைய எந்திரங்களில் பாயிண்ட் இல்லை. அதன் வேலையை மின்னணு உறுப்புக்கள் செய்கின்றன. ஆகவே நான் சொல்வது பழைய எந்திரங்களுக்கே உரியது.

இனிப் பழுது தேடும் முறை. எந்திரம் கிளம்பவில்லை என்றவுடன் காயிலைக் குற்றவாளியாக்குவது வழக்கமாகிவிட்டது. விலை உயர்ந்த உறுப்பும், உள்ளே பார்க்க முடியாத உறுப்பும் அதுவே. பழியைப் போட வசதியானது. நானோ அதைக் கடைசியாகவே விசாரிக்கச் சொல்லுவேன். என் மாணவன் ஒருவனுடைய தந்தையார் மேலூர்ப் பகுதியில் பெரியாற்றுக் கால்வாயின் கடைமடைக்காரர். அவருடைய பம்பு எந்திரம் நாற்றுப் பருவத்தில் நின்றுவிட்டது. ஒரு பட்டறையில் பார்த்துவிட்டுக் காயில் எரிந்துவிட்டது, புதிது வேண்டும் என்றார்களாம். "சார், நகையை வச்சாவது வாங்கிப் போட்டுட வேண்டியதுதான்" என்றார் அவர். அவருடைய மகன், பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தவன், நிறுத்து பொத்தானிலிருந்து உள்ளே போகும் ஒயரைக் கழற்றிவிட்டுக் கயிற்றை இழுத்தான். பொறி விழுந்தது. அந்த ஒயரின் மேலுறை உராய்ந்து தேய்ந்து, செம்புக் கம்பி எந்திர உடலில் பட்டுக்கொண்டிருந்திருக்கின்றது. எந்திரத்தை நிறுத்துவதற்காகவே ஏற்பட்ட ஒயர் அது; முதற்சுருளை உடலோடு இணைத்துவிடுவதே அதன் வேலை. இரவும் பகலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது! ஒரு முழம் இன்சுலேஷன் டேப்புச் சுற்றியதோடு தீர்ந்தது.

ஆகவே முதலில் அந்த ஒயர். அதற்கும் முன்னால், கோளாறு பொறியிலா எரிபொருளிலா என்பதைத் தெளியவேண்டும். சில தடவை கயிற்றை இழுத்தபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வந்து சேருகின்றது, பொறியில்தான் ஐயம். காய்ந்திருந்தால் காயிலைத் தொடவே வேண்டாம். கார்புரேட்டர் பக்கம் போங்கள்.

நனைந்த பிளக்கைத் துடைத்து, கரியைச் சுரண்டி நீக்கி, அதன் ஒயரில் மாட்டி, பிளக்கின் இரும்பு உடல் எந்திர உடலில் நன்றாகப் படும்படி வைத்துக் கயிற்றை இழுக்கவேண்டும். இங்கே மூன்று எச்சரிக்கைகள் உண்டு. பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, பிளக்கை அது கழன்ற துளையிலிருந்து எட்டவே வையுங்கள்; துளைவழியே பீச்சும் பெட்ரோல் ஆவி பொறிபட்டுப் பற்றிக்கொள்ளும். ஒயரை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். அந்த அதிர்ச்சி கையோடு நிற்காது, திடுக்கிட்டுப் படகிலிருந்து விழவும் கூடும். ஒயரின் முனையை எதிலும் சேர்க்காமல் அந்தரத்தில் விட்டுக் கயிற்றை இழுக்கவும் கூடாது. வெளியே தாவ வழியற்ற அழுத்தம் உள்ளே வழி தேடும். துணைச்சுருளின் காப்பைத் துளைத்துவிடும். நல்ல காயிலைச் சோதனை செய்தே கெடுப்பது இப்படித்தான்.

பொறியை நிழலில் பார்க்கவேண்டும். மதுரை வெயிலில் நல்ல பொறியும் கண்ணுக்குத் தெரியாது. தடித்து நீலநிறமாய், கேட்கும்படியான வெடிப்புடன் விழுந்தால் நல்லது. மெலிந்து மஞ்சளாகவோ சிவப்பாகவோ விழுந்தால் அது போதாது. திறந்த காற்றில் விழுகின்ற பொறி சிலிண்டருக்குள் விழாமலும் போகலாம். உள்ளே காற்று அழுத்தப்பட்டிருப்பதால் அதைப் பிளக்க மேலும் மிகுந்த அழுத்தம் வேண்டும். அதனால் அனுபவசாலிகள் ஒயர் முனைக்கும் எந்திர உடலுக்கும் இடையே 6 மில்லிமீட்டர் அளவு இடைவெளி விட்டு, அதைப் பொறி தாண்டுகின்றதா என்று பார்க்கின்றார்கள். கயிற்றை மெல்ல இழுத்துவிட்டுப் பொறி இல்லை என்று சொல்வதும் முறையன்று. பாரடேயின் இரண்டாவது பகுதியை நினைவுகூருங்கள்: காந்தம் மெதுவாகக் கடந்தால் மின்னோட்டமும் மெலிந்தே இருக்கும்.

பொறியே இல்லையென்றால் பிளக்கை மாற்றிப் பாருங்கள். பிளக் ஒயர் வெடித்திருக்கின்றதா என்று பாருங்கள். வெடித்த ஒயரை இருட்டில் பார்த்தால் வழியிலேயே நீலக் கசிவு தெரியும். அடுத்தது பாயிண்ட். பல எந்திரங்களில் ஃபிளைவீலில் உள்ள சாளரம் வழியாகவே அதனை எட்டலாம்; இல்லையெனில் சக்கரத்தைக் கழற்றவேண்டும். அதற்கு உரிய புல்லர் கருவியால் இழுத்தெடுங்கள். சுத்தியலால் அடிப்பவர்கள் அச்சையும் கோணலாக்குவார்கள். பழங்காலத்து எஃகுக் காந்தத்தின் வலிமையையும் குறைப்பார்கள்.

மாதக்கணக்கில் சும்மா கிடந்த எந்திரத்தின் பாயிண்ட் முனைகளில் மங்கலான ஆக்சைடு படலம் படிந்திருக்கும். கடற்கரைக் காற்றில் இது இன்னும் விரைவு. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் மின்சாரத்துக்கு அது சுவர். மெல்லிய அரத்தால் இரண்டு முறை இழைத்து, பிறகு பெட்ரோல் தொட்ட அட்டைத் துண்டை இடையில் செருகி இழுத்து, தூசும் எண்ணெயும் இல்லாமல் செய்யவேண்டும். பின்பு கேம் முழுவதும் தள்ளிய நிலையில் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்கவேண்டும். பழைய அவுட்போர்டுகள் பலவற்றில் இது அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, அதாவது அரை மில்லிமீட்டர். வில்லியர்ஸ் வகையில் ஏறத்தாழ 15 பங்கு. பொறி வராத பழைய எந்திரங்களில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே உயிர்பெற்றுவிடும் என்பது என் துணிபு. முனைகள் கருகிக் குழிவிழுந்து, பொறியும் மஞ்சளாக இருந்தால் கண்டென்சரை மாற்றுங்கள். அதன் விலை சொற்பம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பொறி இல்லையென்றால் அப்போது காயிலை நிறுத்தி விசாரிக்கலாம். முதலில் கண்ணால் பாருங்கள். மேலுறை வெடித்திருக்கின்றதா, உப்பியிருக்கின்றதா, உள்ளிருந்த மெழுகோ தாரோ உருகி வழிந்திருக்கின்றதா, ஓரிடத்தில் ஊசி முனைபோல் கருந்துளை தெரிகின்றதா என்று பாருங்கள். பிறகு மல்டிமீட்டரை எடுத்து, சுருளின் இணைப்புக்களைக் கழற்றிவிட்டு அளக்கவேண்டும். முதற்சுருள் ஓர் ஓம் அளவில், சிலவற்றில் அதற்கும் குறைவாகக் காட்டும். துணைச்சுருள் சில ஆயிரம் ஓம் காட்டும். துணைச்சுருளில் முள் அசையவே இல்லையென்றால் கம்பி எங்கோ அறுந்திருக்கின்றது.

ஆனால் மீட்டர் "நல்லது" என்று சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். மீட்டருக்குள் இருப்பது சில வோல்ட்டு பேட்டரி. அந்தச் சில வோல்ட்டுக்குத் தாங்கும் காப்பு, பன்னீராயிரம் வோல்ட்டுக்குத் தாங்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. உறுதியான சோதனை ஒன்றுதான்: நன்றாக ஓடும் அதே வகை எந்திரத்தின் காயிலை இதில் மாட்டிப் பார்ப்பது.

காயில் நோயில் எல்லோரையும் குழப்புவது ஒன்று உண்டு. எந்திரம் காலையில் நன்றாகக் கிளம்பும், அரை மணி ஓடும், நின்றுவிடும், ஆறவைத்தால் மறுபடி ஓடும். சூட்டில் கம்பி விரிந்து, உள்ளே அரைகுறையாய் ஒட்டியிருந்த அறுப்பு விலகிக்கொள்வதாலோ, பழுதான காப்பு சூட்டில் மேலும் பலவீனப்படுவதாலோ இது நேரும். ஆறிய காயிலை மேசைமேல் வைத்து அளந்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் இதே குறியை முற்றிலும் வேறான ஒரு காரணமும் காட்டும். பெட்ரோல் டாங்கின் மூடியில் உள்ள சிறு காற்றுத்துளை அடைபட்டால், எரிபொருள் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, அரை மணியில் பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். சும்மா விட்டால் காற்று மெல்லக் கசிந்து மறுபடி ஓடும். இரண்டையும் பிரித்தறிய வழி, எந்திரம் நின்ற அந்த நிமிடமே, சூட்டோடு, பொறியைச் சோதிப்பதுதான். ஆறியபின் சோதிப்பவர் ஒன்றும் கண்டுபிடிக்கப்போவதில்லை.

காயிலைச் சீர்செய்ய முடியுமா? சில பழுதுகளை முடியும். இரு சுருள்களின் முனைகளும் ஒன்றாய்ச் சேர்ந்து உள்ளகத்தோடு பற்றவைக்கப்பட்ட இடம் அதிர்ச்சியில் விட்டுப்போவதுண்டு. ஈயப் பற்று ஒன்றில் அது சரியாகும். பிளக் ஒயர் காயிலுக்குள் நுழையும் இடத்தில் அறுந்திருந்தால் புதிய ஒயரைப் பொருத்தலாம். ஈரம் ஏறிய காயிலை நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவைத்து, இன்சுலேஷன் வார்னிஷ் பூசினால் சில வேளை மீளும். காயிலின் இரும்புக் கால்களுக்கும் சக்கரக் காந்தத்துக்கும் உள்ள இடைவெளி மிகுந்திருந்தாலும் பொறி மெலியும். கால்கள் உராயாமலும் விலகாமலும், ஏறத்தாழ ஓர் அஞ்சலட்டையின் கனத்துக்கு நிறுத்தவேண்டும்.

துணைச்சுருளே உள்ளே அறுந்திருந்தால் நிலைமை வேறு. மதுரையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகள் நிறைய உண்டு. கைத்திறன் மிக்கவர்கள் அங்கே இருக்கின்றார்கள். ஆனால் பம்பு மோட்டாரின் சுருளில் எழுவது சில நூறு வோல்ட்டு. இங்கே மயிரிழைக் கம்பியை அறாமல் பல்லாயிரம் சுற்றுக்கள் சுற்றவேண்டும்; ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே காப்புக் காகிதம் வைக்கவேண்டும்; கடைசியில் வெற்றிடத்தில் வைத்து வார்னிஷையோ பிசினையோ உள்ளே முழுதும் ஊறச் செய்யவேண்டும். நடுவே காற்றுக்குமிழி தங்கினால் அந்த இடத்தில் நுண்ணிய கசிவு உண்டாகிக் காப்பை நாளடைவில் அரித்துவிடும். முதல் நாள் அருமையாகப் பொறிவிட்டு, இரண்டாவது மாதம் நின்றுபோகும் "கட்டிய காயில்"களின் கதை இதுதான். அதற்கென்றே சாதனம் வைத்திருப்பவர் கிடைத்தால் ஒழிய, அதே அளவுக் காயிலைத் தேடி வாங்குவதே மேல். வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோய், உள்ளகத்தின் அளவையும், திருகாணித் துளைகளின் இடைத்தூரத்தையும், மீட்டர் காட்டும் ஓமையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

பொறி நன்றாக விழுந்தும் எந்திரம் கயிற்றைப் பின்னுக்கு உதைத்தால், அல்லது இருமிவிட்டு நின்றால், ஃபிளைவீலுக்கும் அச்சுக்கும் இடையே உள்ள சிறு சாவி வெட்டுப்பட்டிருக்கின்றதா என்று பாருங்கள். சாவி நழுவினால் பொறி விழும். விழவேண்டிய கணத்தில் விழாது.

எல்லாம் மாட்டி முடித்தபின் கரையிலேயே சோதிக்கவேண்டும். அவுட்போர்டை வெறுமனே ஓட்டாதீர்கள். குளிர்விக்கும் தண்ணீர் இன்றி அதன் நீரேற்றி கெட்டுவிடும். பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, எந்திரத்தின் கால் அதில் மூழ்கும்படி பலகையில் மாட்டுங்கள். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் ஒற்றைச் சிலிண்டர், இரு வீச்சு எந்திரத்தில் மணிக்கு 1,80,000 பொறிகள் விழவேண்டும். இரண்டு நிமிட ஓட்டத்தைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. அரை மணி நேரம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஆறுவதற்குள், சூட்டோடு, கயிற்றை மறுபடி இழுங்கள். முதல் இழுப்பிலோ இரண்டாவது இழுப்பிலோ கிளம்பினால் வள்ளத்தில் ஏற்றலாம்.